பகோ வண்டிக்குப் பத்தாவது ஆள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு யாங்கூன் ரயில் நிலையத்தின் முன்வாசலில் பதினொரு பேர் கூட வேண்டும் என்று நான் பட்டியல் போட்டேன்.
2. ஆறரைக்கு அங்கே இருந்தவர்கள் பத்துப் பேர்.
3. ஆறு ஐம்பதுக்கு ஒன்பது பேர்.
4. ஆறு ஐம்பத்தைந்துக்கு ஒன்பது பேரும் ஒரு கல்லும்.
5. மாமாவின் சலுகை அட்டை செல்லக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும்.
6. பகோ போகும் வண்டி ஏழேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது பிற்பகலில்.
7. பகோவில் ஒரு பெண்ணின் அப்பா, பன்னிரண்டு மணி வரைதான் காத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு ஞாயிறு காத்திருந்து ஏமாந்தவர்.

இதைப் படிப்பவர்களுக்கு மூன்று கேள்விகள் எழும். ஏன் பதினொன்று? எதற்குக் கல்? பேருந்தில் போனால் என்ன? மூன்றையும் நானும் கேட்டேன்.

நான் சென்னையில் இன்வெர்ட்டர் செய்யும் நிறுவனம் ஒன்றில் மின்பொறியாளர். யாங்கூனில் ஒரு நாளில் பாதி நேரம் கரண்டு இருப்பதில்லை. ஆகவே எங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. இரண்டு மாத வேலைக்காகப் போனவள், மிங்கலா தாங்ஞுன்டில் தண்டவாளத்துக்குப் பின்புறம் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் தங்கவேலு மாமா வீட்டில் தங்கினேன். அம்மாவின் சித்தி மகன். பெரியவர்களின் பெயருக்கு முன்னால் ஆண்களுக்கு ‘உ’, பெண்களுக்கு ‘டோ’ போடுவது அந்த ஊர் மரியாதை என்பதால், தெருவில் அவர் உ தங்கவேலு. ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் முப்பத்தாறு ஆண்டு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி, என் அத்தை டோ எய் எய், பர்மியப் பெண், பௌத்தர். மாமியாரிடம் கற்றுக்கொண்ட தமிழைத் தயங்காமல் பேசுவார். என்னை ‘தமீ’ என்று கூப்பிடுவார். மகளே என்று பொருள்.

அவர்களுக்கு ஒரே மகன், குமார். இருபத்தைந்து வயது. சரக்குக் கப்பலில் வேலை கிடைத்து வருகிற வியாழக்கிழமை கிளம்புகிறான். திரும்பி வர இரண்டு ஆண்டாகும். பகோவில் இருக்கும் தீபாவை அவனுக்குப் பிடித்திருக்கிறது. அவளுக்கும் அவனை. கப்பல் ஏறுவதற்கு முன் முறைப்படி வந்து கேட்டால் தருகிறேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அந்த ‘முறைப்படி’தான் எங்களைப் படுத்திய பாடு.

யாங்கூனின் பபேடான் பகுதியில் இருக்கும் மாமாவின் அக்கா, எனக்குச் சரசு பெரியம்மா. பெண் கேட்க ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்பது அவர் விதி. “ரெட்டப்படையில போயி நின்னா வெளங்குமாடி?” என்பார். அத்தையின் விதி வேறு. பர்மியர்கள் ஒன்பது பேராகச் சேர்ந்து பயணம் போகமாட்டார்கள். போனால் விபத்து. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. மூன்றாவது விதி, மாமாவின் அட்டை.

ஓய்வுபெற்ற ஊழியருக்கு ஆண்டுக்கொரு முறை தபாலில் வரும் குழுச் சலுகை அட்டை அது. வெளிர்சிவப்பு நிறம், உள்ளங்கை அகலம், பின்பக்கம் பர்மிய எழுத்தில் ஆறு விதிகள். அட்டைக்காரரையும் சேர்த்துப் பத்து உறவினர், வேண்டியவர் ஒரே வண்டியில் போனால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். ஏழு ஆண்டுகளாக வருகிறது. ஏழு ஆண்டுகளாக யாரும் தொடாமலே காலாவதியாகிறது. இந்த முறை விடுவதில்லை என்று மாமா முடிவெடுத்திருந்தார்.

முதல் ஞாயிறு பத்துப் பேர் நிலையத்துக்கு வந்தார்கள். பெரியம்மா எண்ணிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் ஒற்றைப்படை வரும், ஆனால் அது ஒன்பது. அத்தை அசையவில்லை. எட்டுப் பேராகப் போகலாம் என்று யாரோ சொன்னதற்கு பெரியம்மாவும் மாமாவும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். வண்டி போய்விட்டது. இரண்டாவது ஞாயிறு பதினொன்றாகப் புறப்பட்டவர்கள் வழியில் ஒருவர் குறைந்து பத்தாக வந்து சேர்ந்தார்கள். வண்டி போய்விட்டது.

“மாமா, ஏழு பேரா போனா ஒத்தப்படை. ஒன்பதும் இல்ல. ரெண்டு பேருக்கும் சரியாகுது,” என்றேன்.

“கார்டு?”

“கார்டு இல்லாம.”

மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை.

“சரி, பஸ்ல?”

“பஸ்ஸுல போயி பொண்ணு கேக்கவா முப்பத்தாறு வருஷம் போல்ட்டு முடுக்குனேன்?”

ஆகவே மூன்றாவது ஞாயிறின் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒற்றைப்படை, ஒன்பது கூடாது, பத்துக்குக் குறையக் கூடாது. இந்த மூன்றுக்கும் பொருந்தும் முதல் எண் பதினொன்று. ஒரு தாளில் பதினொரு பெயர், எதிரே கைபேசி எண், யார் யாரோடு டாக்சியில் வருவது, யார் எந்தத் தட்டைக் கொண்டுவருவது என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். மாமா, அத்தை, குமார், நான். பெரியம்மா, அவர் மகன், மருமகள். மாமாவின் தம்பி, அவர் மனைவி. எதிர்வீட்டு டோ ஹ்லா. லத்தாவிலிருந்து குமாரின் நண்பன் கோ டின். எங்கள் நிறுவனத்தில் ஒரு கட்டடத்துக்கே மின்சாரம் கொடுக்கும் திட்டத்தை இதைவிடச் சின்னத் தாளில் எழுதுவோம்.

காலை 6.30

வண்டிக்கு நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது. முன்வாசலில் மொஹிங்கா விற்பவளின் அடுப்பிலிருந்து மீன் குழம்பின் ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு கிண்ணம் 2,500 சாட். (சாட் என்பது பர்மியப் பணம்.) சுவரிலிருந்து உரித்து எடுத்து வந்த பட்டியலை வைத்து நான் எண்ணினேன். பத்து. பெரியம்மாவும் எண்ணினார், விரலை நீட்டாமல், கண்ணால்.

“ஒருத்தன் எங்கடி?”

கோ டின்னின் கைபேசி அணைந்திருந்தது. குமார் ஒரு டாக்சி பிடித்து லத்தாவுக்குப் போனான். போகவர 14,000 சாட். பகோவுக்கு மேல்வகுப்புச் சீட்டு ஒன்று 3,000 சாட். பத்துப் பேருக்கும் அட்டை மிச்சப்படுத்தப் போவதே 10,000. இதை நான் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

“கணக்குப் பாக்குற நேரமா இது?” என்றார் மாமா. கையில் சலுகை அட்டை இருந்தது.

காலை 6.50

குமார் தனியாகத் திரும்பி வந்தான். கோ டின் தன் மொத்த விற்பனைக் கடைக்கு வந்திறங்கிய சரக்கை எண்ணிக்கொண்டிருக்கிறானாம். லாரி இரவில் வர வேண்டியது, காலையில் வந்திருக்கிறது. ஆக நாங்கள் பத்துப் பேர். பெரியம்மா உதட்டைச் சுழித்தார். அந்த நேரம் பார்த்து டோ ஹ்லாவின் கைபேசி அடித்தது. பேசி முடித்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

“மீ லா பீ!” என்றார். கரண்டு வந்துவிட்டது.

யாங்கூன்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கரண்டு வந்தால்தான் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால்தான் மாடிக்குத் தண்ணீர் ஏறும். டோ ஹ்லா வீட்டில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. கரண்டு எத்தனை நேரம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பழத்தட்டை என் கையில் கொடுத்தார், குமாரின் கன்னத்தைத் தட்டினார், லோஞ்சியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் பொருத்தித் தருகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

ஒன்பது பேர்.

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. “ஒத்தப்படை. கெளம்புங்க.”

அத்தை தரையில் வைத்திருந்த வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “மயாபூ,” என்றார். முடியாது. “ஒன்பது பேர் போற மயாபூ. பையன் கப்பல் போறான். நான் ஒன்பது பேரோட அவனக் கூட்டிட்டுப் போகமாட்டேன்.”

“அம்மா,” என்றான் குமார், “இன்னிக்குப் போகலேன்னா அவங்க அப்பா...”

“தெரியும்.”

பிறகு அத்தையே எழுந்து, “சரி. கல் எடு,” என்றார்.

ஒன்பது பேராகப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பர்மியர்கள் ஒரு கல்லைப் பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் வைத்து, வா, எங்களோடு பயணம் வா என்று அழைத்து, கூடவே எடுத்துப் போவார்கள். இதை ஏன் முதல் ஞாயிறே செய்யவில்லை என்று கேட்டேன். பக்கத்தில் வேறு வழி இருக்கும்போது கல்லைக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்றார் அத்தை. மாமா உள்ளே போய் நடைமேடை விளிம்பில் குனிந்து, தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியிருந்த சரளையிலிருந்து கைப்பிடி அளவுக் கருங்கல் ஒன்றை எடுத்து வந்தார். அத்தை குடிக்கிற தண்ணீரை ஊற்றி அதைக் கழுவினார். பெயர், கோ சௌக். சௌக் என்றால் பர்மிய மொழியில் கல்தான். கோ என்பது இளைஞர்களுக்குப் போடும் மரியாதை.

இப்போது பெரியம்மா. “அப்ப இது பத்தாச்சே! ரெட்டப்படை!”

எனக்கு நெற்றிப்பொட்டில் வலிக்க ஆரம்பித்திருந்தது. “பெரியம்மா, கல்லு ஆள் இல்ல.”

“உங்க அத்த இப்பத்தான பேரு வச்சா?”

“பர்மாக்காரங்களுக்கு அது ஆள். நமக்கு?”

பெரியம்மா கல்லைப் பார்த்தார். நன்றாகக் கழுவிய கல், காலை வெயிலில் கறுப்பாக மின்னியது. அவர் யோசித்ததை நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் எந்த ஆய்வுக்கூட முடிவுக்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை.

“நமக்குக் கல்லுன்னா சாமிடி,” என்றார் கடைசியில். “சாமிய எவளாவது ஆள் கணக்குல சேப்பாளா? வரட்டும். கூட வரட்டும்.”

தன் நெற்றியிலிருந்த விபூதியைத் தொட்டு அதற்கும் ஒரு கீற்று வைத்தார். ஆக அத்தைக்குப் பத்து, பெரியம்மாவுக்கு ஒன்பது. நேரம் 6.57. இரண்டு விதிகள் நிறைவேறிவிட்டன. மூன்றாவதை மறந்துவிட்டுச் சீட்டு வாங்கலாம் என்று நான் திரும்பினால், மாமாவைக் காணவில்லை. கல்லையும் காணவில்லை.

காலை 6.59

மாமா சீட்டுக் கவுண்டர் வரிசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே என் வயதுப் பெண். கன்னத்தில் தனக்காச் சாந்து, முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பர்மிய மொழியில் நடந்ததைக் குமார் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

“பத்துப் பேர்,” என்று மாமா அட்டையை நீட்டினார்.

அவள் பேனா முனையால் எங்களை எண்ணினாள். “ஒன்பது.”

மாமா கல்லை எடுத்துப் பலகையில் வைத்தார்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “ஒன்பது பேராகவா புறப்பட்டீர்கள்? கல் எடுத்தது நல்லது. பெயர் வைத்தாயிற்றா?”

“கோ சௌக்.”

“நல்ல பெயர்.” படிவத்தை இழுத்தாள். “அடையாள அட்டை எண்?”

“இன்னும் எடுக்கவில்லை,” என்றார் மாமா. “இப்போதுதான் தண்டவாளத்திலிருந்து வருகிறான்.”

வரிசை முழுவதும் சிரித்தது. எங்களுக்குப் பின்னால் வெங்காய மூட்டையோடு நின்றவர் எட்டிப் பார்த்து, “பெரியவரே, கல்லுக்கு மேல்வகுப்பு எதற்கு? மரப்பலகையே அவனுக்கு மெத்தைதான்,” என்றார். இன்னொருவர், “பாதிச் சீட்டுப் போடம்மா, குழந்தைக் கல்,” என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 7.03.

“வித்யா, அந்த வெங்காயக்காரரும் பகோதான் போறாரு,” என்று மாமா தமிழில் என்னிடம் கிசுகிசுத்தார். “அவரச் சேத்துக்கிட்டா பத்து. பகோவுல எறங்குனதும் அவரு வழிய அவரு பாத்துக்குவாரு.”

ஒப்புக்கொள்ள வேண்டும், நல்ல யோசனை. வண்டியில் பத்து மனிதர், பெண் வீட்டுக்கு ஒன்பது மனிதரும் ஒரு கல்லும். மூன்று விதிக்கும் சரி. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று ஒரு கணம் பொறாமையாகக்கூட இருந்தது. வெங்காயக்காரர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். அவருக்கும் ஆயிரம் சாட் மிச்சம்.

கவுண்டர்ப் பெண் எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கி வரிசையாக அடுக்கினாள். கடைசியாக என் பாஸ்போர்ட் வந்தது. அதைத் திறந்தாள், மூடினாள், தனியாக எடுத்து வைத்தாள்.

“இவர்?”

“அக்காள் மகள். இந்தியா.”

“வெளிநாட்டவர் இந்த அட்டையில் சேரமாட்டார்கள். விதி ஐந்து.” அட்டையைத் திருப்பி, பேனாவால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். “வெங்காயம் விற்பவரைச் சேர்த்தாலும் ஒன்பதுதான்.”

குமார் அட்டையை வாங்கிப் படித்தான். பிறகு அவன் அப்பாவைப் பார்த்தான். “ஏழு வருஷமா வச்சிருக்கீங்க. இதப் படிக்கவே இல்லயா?”

“மூணு வரைக்கும் படிச்சேன். அன்னிக்கு கண்ணாடி கொண்டுபோகல.”

“அன்னிக்குன்னா? ஏழு வருஷமுமா?”

எனக்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த அட்டையின் படம் என் கைபேசியில் பத்து நாளாக இருந்தது. எழுத்தைப் பெயர்த்துக் காட்டும் செயலியும் இருந்தது. யாரோ படித்துச் சொன்னதை விதி என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் பட்டியல் போட்டிருக்கிறேன். வேலையில் புதிதாகச் சேர்ந்தவன் இப்படிச் செய்தால் நான் விட்டிருக்கமாட்டேன். பதினொரு பேரும் வந்திருந்தால் உள்ளூர்க்காரர் பத்துப் பேர் இருந்திருப்பார்கள், அட்டையும் சென்றிருக்கும். தப்பித்திருப்போம், அவ்வளவுதான். சுவரில் ஒட்டிய தாளில் தவறாக எண்ணப்பட்ட ஒரே ஆள் நான்.

“கல்லாவது இந்த ஊரு, மா வித்யா,” என்றான் குமார். ‘மா’ என்பது பெண்களின் பெயருக்கு முன் போடுவது. “நீதான் கணக்குல வரல.”

அவன் சிரிக்கவில்லை. கடிகாரத்தில் 7.07.

காலை 7.07

மாமா கவுண்டரை விட்டு நகரவில்லை. இன்னும் ஒருவர், ஒரே ஒருவர் என்று வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகோ போகிறவர் வேறு யாரும் இல்லை. நான் முழுக் கட்டணத்துக்குப் பணத்தை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அத்தை பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். பெரியம்மா தமிழில் சொன்னதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்: “தங்கவேலு, மூணாவது தடவடா. அந்தப் புள்ளய வேற எடத்துல குடுத்துருவாங்க.”

மாமா அட்டையைப் பலகையில் அழுத்திப் பிடித்திருந்தார்.

குமார் அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தோளை நுழைத்தான். அதுவரை அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

“அப்பா. வியாழக்கிழம நான் கப்பல் ஏறுறேன். ரெண்டு வருஷம். இந்தக் கார்டுக்காக அவ கிட்ட ரெண்டு ஞாயிறு பொய் சொல்லிட்டேன். மூணாவது பொய் எங்கிட்ட இல்ல. நகருங்க.”

மாமா நகர்ந்தார்.

ஒன்பது மேல்வகுப்புச் சீட்டுகள், 27,000 சாட். கவுண்டர்ப் பெண் சீட்டுகளோடு சலுகை அட்டையையும் கல்லையும் சேர்த்துக் கொடுத்தாள். கல்லை இரண்டு கையாலும் கொடுத்தாள்.

நாங்கள் ஓடினோம். பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, பூ, பெரியம்மாவின் முழங்கால் வலி எல்லாவற்றோடும். வண்டி 7.15-க்கு நகர்ந்தபோது மாமாவின் தம்பி மனைவியின் ஒரு செருப்பு நடைமேடையில் இருந்தது. வெங்காயக்காரர் அதை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுத் தானும் அடுத்த பெட்டியில் தொற்றிக்கொண்டார்.

யாங்கூனிலிருந்து பகோ நாற்பத்தாறு மைல். அட்டவணைப்படி இரண்டு மணி நேரம், அன்று இரண்டரை. பெட்டி முன்னும் பின்னும் ஆடுவதோடு நிற்பதில்லை, மேலும் கீழும் குதிக்கிறது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. பஸுண்டாங்கைத் தாண்டியதும் வீடுகள் தண்டவாளத்தை ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நகரம் தீர்ந்து நெல்வயல். தலையில் தட்டை வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், குதிக்கும் பெட்டியில் நேராக நடந்து வரும் பெண்கள் காடை முட்டையும் அவித்த சோளமும் விற்றார்கள். பத்து முட்டை 2,000 சாட். அத்தை பத்து வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தார். மீந்த ஒன்றைக் கல்லின் முன் வைத்தார். பெரியம்மா அதைப் பார்த்து, “பிரசாதம்,” என்று சொல்லி எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

மாமா ஜன்னலோரம் அமர்ந்து அட்டையைச் சட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். டாபெய்ன் நிலையத்தில் வண்டி காரணமில்லாமல் இருபது நிமிடம் நின்றபோது நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

“பத்தாயிரம் சாட் மாமா. டாக்சிக்கே பதினாலாயிரம் போச்சு.”

“காசுன்னா நெனச்சே?”

“வேற என்ன?”

அவர் கீழே குனிந்து இருக்கையின் அடியில் எட்டிப் பார்த்தார். “இந்தப் போகி எங்க ஷெட்டுக்கு வந்ததுதான். அந்த பிராக்கெட் நான் போட்டது.” நிமிர்ந்தார். “முப்பத்தாறு வருஷம் வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். ஒரு தடவ, என் பேரச் சொல்லி, எங்க வீட்டுக்காரங்க எல்லாரையும் மேல ஏத்திக் கூட்டிட்டுப் போகணும். பொண்ணு வீட்டுல கேப்பாங்கல்ல, எப்படி வந்தீங்கன்னு? என் கார்டுல வந்தோம்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

இதை முதல் ஞாயிறே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரிப் பட்டியல் போட்டிருப்பேன் என்றேன். இதெல்லாம் பட்டியலில் எழுதுகிற விஷயமா என்றார்.

காலை 9.50

பகோ நிலையத்திலிருந்து மூன்று சக்கர வண்டிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 5,000 சாட். தீபாவின் அப்பா உ சோமு சாக்குப்பை வியாபாரி. வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் ஒவ்வொருவராக இறங்க இறங்க அவருடைய உதடு அசைவதைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஒம்பது பேரா?” என்றார். குரலில் வரவேற்பு இல்லை. “ரெண்டு வாரம் வராதவுக இன்னிக்கு ஒம்பது பேரா வாறீகளா? எம் பொண்ணு விசயத்துல?”

தமிழர்தான், விபூதி வைத்தவர்தான். ஆனால் பகோவில் பிறந்து வளர்ந்தவர். ஒன்பது அவருக்கும் ஆகாது. அத்தை முன்னால் போய், வெற்றிலைத் தட்டின் மேல் மூடியிருந்த துணியை விலக்கினார். பாக்குக்கும் பூவுக்கும் நடுவில் விபூதிக் கீற்றோடு கோ சௌக்.

உ சோமு கல்லைப் பார்த்தார். விபூதியைப் பார்த்தார். “யாரு வச்சது பட்ட?”

“நாந்தான்,” என்றார் பெரியம்மா.

“ரெண்டு பக்கமும் யோசிச்சு வந்திருக்கீக.” கையை முன்னால் கொண்டுவந்து கும்பிட்டார். “வாங்க, வாங்க. எப்படி வந்தீக? வண்டி சவுரியமா இருந்துச்சா?”

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா சட்டைப் பையைத் தொட்டார்.

“மேல்வகுப்பு,” என்றார். “முழு டிக்கெட்டு.”

தாம்பூலம் மாற்றி முடித்தபோது 11.10. பன்னிரண்டுக்குத் தொடங்கும் எமகண்டத்துக்கு ஐம்பது நிமிடம் மீதம் என்று குறித்துக்கொண்டேன். தேநீர் பத்துக் குவளையில் வந்தது. கொண்டுவந்தவள் தீபா. என்னிடம் வரும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள்: “அக்கா, ரெண்டு ஞாயிறும் அவருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாரே. நெசமா?”

நான் கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஓரத்தில் 10, 9, 11 என்று அடித்து அடித்து எழுதிய எண்களைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சிரிப்பாளா அழுவாளா என்று தெரியாத ஒரு முகம்.

“ரெண்டு தடவ பதினோரு பேருக்குச் சமைச்சேன்,” என்றாள். “அடுத்த தடவ நாங்க அங்க வர்றோம். நாலு பேரு. பஸ்ஸுல.”

மாலை

திரும்பும்போதும் ஒன்பது பேர்தான் என்பதால் கோ சௌக்கும் திரும்பினான். யாங்கூனில் இறங்கியதும் மாமா அவனைத் தண்டவாளத்தில் எடுத்த இடத்திலேயே வைத்தார். ரயில்வே சொத்து என்றார். அத்தை நன்றி சொன்னார். வீட்டில் கரண்டு இல்லை. டோ ஹ்லாவின் வீட்டுத் தொட்டி நிறைந்திருந்தது. எங்களுக்கு இரண்டு வாளி கொடுத்தார்.

சென்னையில் நான் மாதச் சீசன் சீட்டு வைத்திருக்கிறேன். கைபேசியில் இருக்கிறது. நான் யாரோடு போகிறேன், எத்தனை பேராகப் போகிறேன் என்று அது கேட்டதில்லை. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகும்போது இப்போதெல்லாம் பெட்டியில் நிற்பவர்களை எண்ணுகிறேன். ஒன்பதில் நின்றால் இன்னொருவரைத் தேடுகிறேன். இதற்கும் மாமாதான் காரணம்.

இப்போதைய நிலை இது. குமார் கப்பலில் இருக்கிறான். அவன் திரும்பியதும் திருமணம், பகோவில். டோ ஹ்லா வீட்டில் இன்வெர்ட்டர் பொருத்தியாயிற்று. அந்த ஆண்டின் சலுகை அட்டை பயன்படாமல் காலாவதியாகிவிட்டது. புதியது வந்துவிட்டது, மாமா கண்ணாடி போட்டு ஆறு விதியையும் படித்துவிட்டார். திருமணப் பயணத்துக்கு, அப்போது வரப்போகும் அட்டையை நம்பி, அவரே இப்போதே பட்டியல் போட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் பதினொரு பெயர் இருக்கிறது, அத்தனையும் உள்ளூர். என் பெயர் கோட்டுக்குக் கீழே, தனிச் சீட்டு என்று இருக்கிறது. என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு. பெரியம்மாவிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.